உஷ் அக்காவின் கல்யாணம்

வடதுருவக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் எம்னூத் ஊரில் இலையுதிர் காலம் வந்துவிட்டால், மனிதனுக்கு வாய் எதற்கு என்றே தெரியாமல் போய்விடும். சத்தமாகத் தும்மக் கூடாது. நாயை அதட்டக் கூடாது. படகு எஞ்சினை முடுக்கக் கூடாது. துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஊருக்கே கரியும் எண்ணெயும் சுமக்கிற என் சங்கிலிச் சக்கர வண்டி கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதன் சாவியை என் சட்டைப் பையிலிருந்து, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவள் ஓம்ரினா. என் பெரியப்பா மகள். கடற்கரைச் சரணாலயத்தின் அதிகாரி. ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் உஷ் அக்கா.

கடைசி வீட்டுக்கு அப்பால் இருக்கும் மேட்டைத் தாண்டினால், நீண்ட தந்தமும் மீசையும் கொண்ட வால்ரஸ்கள் கரையேறும் கடற்கரை. வடக்கே பனிக்கட்டியெல்லாம் உருகிப் பின்வாங்கியதும், படுத்து இளைப்பாற இடமில்லாமல் அவை இங்கே வரும். ஆயிரக்கணக்கில் வந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து குறட்டை விடும். அதில் ஒன்று மிரண்டால் போதும், மொத்தமும் கடலை நோக்கிப் பாயும். தாய்களின் எடைக்கு அடியில் குட்டிகள் நசுங்கிப் போகும். செத்த குட்டிகளைத் தேடிப் பனிக்கரடிகள் வரும். கரையில் தின்று முடித்ததும் ஊருக்குள் நுழையும். ஓம்ரினா வேலைக்குச் சேர்ந்த வருஷம், எங்கிருந்தோ வந்த ஒரு விமானம் வேடிக்கை பார்க்கிறேன் என்று தாழப் பறந்தது. அதற்கப்புறம் அவள் அந்தக் கரையில் நடந்துவிட்டுத் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை. பல நாள் யாரிடமும் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது வாயில் வந்த முதல் சொல் ‘உஷ்’. அவள் செய்வது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சலே.

அதிகாரி என்றதும் பெரிய மேஜை, சுழல் நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பு ஒன்று, வானொலிப் பெட்டி ஒன்று, எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் டீ. அவ்வளவுதான் அலுவலகம். ஆனால் சரணாலயத்தைச் சுற்றி இருக்கிற அத்தனை பேருடைய சண்டையும் அந்த அறைக்குத்தான் வரும். உள்நாட்டில் பனிமான் மேய்க்கிறவர்கள் வந்து, “உன் ஓநாய் என் குட்டியத் தூக்கிட்டுப் போயிடுச்சுக்கா, என்ன பண்ணப்போற?” என்று நிற்பார்கள். ஓநாய் எல்லாம் அவளுடையது, பாருங்கள். வாத்து முட்டை எடுத்தவனை வாத்து ஆராய்ச்சி செய்கிறவர் சட்டையைப் பிடித்து இழுத்துவருவார். கப்பலில் வருகிற சுற்றுலாக்காரர்களில் யாராவது ஒருத்தர் கரடியோடு சேர்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்பார். எல்லாருக்கும் டீ ஊற்றுவாள். கேட்டதில் பாதியைக்கூடக் கொடுக்கமாட்டாள். ஆனாலும் போகும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் போவார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தார் பாருங்கள் ஒரு மாப்பிள்ளை! கிளெப் அந்த்ரேவிச். சரணாலயத்தின் கடைக்கோடியில், ஆளரவமே இல்லாத முனையில் இருக்கிற வானிலை நிலையத்துக்காரர். ரஷ்யர். ஆறடிக்கு மேல் உயரம், முகம் முழுக்கத் தாடி. குரலோ, ஐயோ சாமி, சாதாரணமாகப் பேசினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். தினமும் காலையில் வானொலியில் வந்து காற்று எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று அவளிடம் ஒப்பிப்பார். அந்த அலைவரிசை எல்லாருக்கும் பொது. கடலுக்குப் போகிறவன், மான் மேய்க்கிறவன், பள்ளிக்கூடத்து வாத்தியார், எல்லாரும் அதைக் கேட்டுத்தான் பொழுதைத் தொடங்குவோம். என் மனைவி தாக்ரினா ரொட்டி சுடுவதே அந்த நேரத்துக்குத்தான்.

ஒரு நாள் வானிலை சொல்லி முடித்தவர் நிறுத்தவில்லை. “இன்னொரு தகவல். ஒரு கரடி என் வாசல்ல வந்து உக்காந்திருக்கு. அதிகாரியம்மா சௌக்கியமான்னு கேக்குது. ஓவர்.”

“அலைவரிசைய வீணாக்காதீங்க கிளெப் அந்த்ரேவிச். ஓவர்” என்றாள் ஓம்ரினா.

“நான் எங்க வீணாக்கறேன்? கேக்கறது கரடி.”

தாக்ரினா ரொட்டியைக் கருக விட்டுவிட்டாள். “உங்கக்கா குரல கவனிச்சியாய்யா? சிரிப்ப அடக்கறா!” என்றாள். எனக்கும் கேட்டது. ஊருக்கே கேட்டது. அதற்கப்புறம் நாலைந்து வருஷம் அந்தக் கரடி தினமும் வாசலுக்கு வந்தது. கரடிக்கு ஜலதோஷம் பிடித்தது, கரடி மீன் சூப் வைக்கக் கற்றுக்கொண்டது, கரடிக்குப் பிறந்த நாள் வந்தது. கடைசியில் போன வசந்தத்தில் ஒரு காலை, காற்றைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்தினார். “ஓம்ரினா, கரடியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் கேக்கறேன். என்னக் கட்டிக்கிறியா? ஓவர்.”

பெட்டியில் சரசரப்பு மட்டும்தான். தாக்ரினா என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மரமில்லாத தூந்திரா வெளியின் நடுவிலிருந்து பனிமான் மேய்ப்பர் தலைவன் அய்வானின் குரல் குறுக்கே வந்தது. “அக்கா, சட்டுபுட்டுன்னு சரின்னு சொல்லு. இங்க எல்லாருக்கும் டீ ஆறிப்போவுது.”

“யார்டா அது குறுக்கே? இது அலுவலக அலைவரிசை!” என்று சீறினாள் ஓம்ரினா. பிறகு மெல்ல, “கிளெப் அந்த்ரேவிச், இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு நீங்க சொல்லவே இல்ல” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “சரி. ஓவர்” என்றாள். அன்றைக்கு நாய்களெல்லாம் பயந்து ஊளையிடும் அளவுக்கு ஊர் கத்தியது. வசந்த காலம், கரையில் வால்ரஸ் இல்லை, யாரும் யாரையும் அடக்கவில்லை.

கல்யாணத்தை ஆகஸ்டில் வைத்தார்கள். மாப்பிள்ளையையும், மாவட்டத் தலைநகரிலிருந்து திருமணப் பதிவாளர் ஸோயா பெத்ரோவ்னாவையும் ஒரே ஹெலிகாப்டர் ஏற்றிவர வேண்டும். மூடுபனி. தள்ளிப் போட்டார்கள். மழை. மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் யாருக்கும் புதிதில்லை. ஒருவழியாக செப்டம்பரில் ஒரு நாள் உறுதியானது. சமையலுக்குத் திமிங்கிலத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. மானிறைச்சி வந்தாயிற்று. நான் என் பறைக்கு வால்ரஸ் வயிற்றுத் தோலைப் புதிதாக இழுத்துக் கட்டி, தண்ணீர் தெளித்துத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வால்ரஸ்கள் வந்துவிட்டன.

முதலில் சில கிழடுகள் வந்து படுத்தன. சாயங்காலத்துக்குள் கரையே தெரியவில்லை. அந்த வருஷத்தைப் போல அவ்வளவு குட்டிகளை நான் பார்த்ததே இல்லை. ஊரார் எல்லாரும் மேட்டைப் பார்க்கவில்லை, ஓம்ரினாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் ஊர்ப் பக்கம் வந்தால் கரை என்ன ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த முனையில் கிளெப்பின் பணிக்காலம் முடிந்துவிட்டது, ஹெலிகாப்டர் அவரை நேராகத் தலைநகருக்குக் கொண்டுபோய்விடும். அதற்குமேல் புயல் காலம். கல்யாணமாகி எம்னூத்தில் குடியிருப்பவர் என்றால் எங்கள் ஊர் நிலையத்தில் அவருக்கு வேலை. இல்லையென்றால் தூரத்துத் தீவு ஒன்றில் இரண்டு வருஷம். அங்கே எங்கள் வானொலி எட்டாது. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. அலுவலகத்துக்குப் போய் வானொலியை எடுத்தாள். நான் கதவருகே நின்றிருந்தேன், சாவியைப் பறிகொடுத்த கடுப்பில். “வால்ரஸ் கரை ஏறிடுச்சு கிளெப். ஹெலிகாப்டர் வரக் கூடாது. நான்தான் சட்டம் போட்டவ. ஓவர்.”

“தெரியும்மா. நீ சொல்றதுதான் சரி. ஓவர்” என்றார் அவர்.

அவ்வளவுதான். ஆனால் அதை அவர் மெதுவாகச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மெதுவாகப் பேசி யாருமே கேட்டதில்லை. ஓம்ரினா எழுந்து வாசலுக்குப் போய், கையுறையைக் கழற்றி விரலை நீட்டிக் காற்றைப் பார்த்தாள். திரும்பி வந்தவளின் கண் என்னைப் பார்க்கவில்லை.

“டேய் நுத்தேகின்… காத்து கடல்லேர்ந்துதான அடிக்குது? குன்றுக்குப் பின்னால, ரொம்பத் தாழ வந்து, ஒரே ஒரு நிமிஷம் இறங்கினா… ஒருவேளை கேக்காதுல்ல?”

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கேட்பது யார்? யாரிடம் கேட்கிறாள்? ஊரிலேயே அவளிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் நான். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

“கேக்கும்!” என்றேன். “நல்லாக் கேக்கும்! வருஷா வருஷம் என் சாவியப் புடுங்கினியே, அப்ப என் வண்டிச் சத்தம் கேட்டுச்சுல்ல? என் பையனுக்குப் பேர் வெச்ச அன்னிக்குப் பறைய அடிக்க விட்டியா? மொத்த ஊரையும் இத்தன வருஷமா ஊமையாக்கி வெச்சிட்டு, உனக்குன்னு வந்ததும் ஹெலிகாப்டர் கேக்காதா? அதெல்லாம் நடக்காது. நான் இருக்கற வரைக்கும் நடக்காது!”

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல். அழுவதைக்கூட அப்படித்தான் பழகியிருக்கிறாள். “அழாத. எனக்குப் புடிக்கல. பழைய எல்லைக்காவல் முகாம் இருக்குல்ல, காயலுக்கு அந்தப் பக்கம்? அங்க இறங்கட்டும். ரெண்டு குன்று தள்ளி இருக்கு, சத்தம் வராது” என்றேன்.

“யோசிக்காமலா இருப்பேன்? அங்கேர்ந்து காயல் வரைக்கும் முழுக்கச் சதுப்பு. மூட்டை முடிச்சோட அந்தப் பதிவாளரம்மா எப்படி வருவாங்க? உன் வண்டி போனா சத்தம். ஆளுங்கதான் போய்த் தூக்கிட்டு வரணும். என் கல்யாணத்துக்காக ஊர நான் வேலை வாங்க முடியுமா? ஏற்கெனவே போதும் போதும்னு கெடக்காங்க.”

இத்தனை வருஷம் எல்லாருடைய பஞ்சாயத்தையும் தீர்த்துவைத்தவளுக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை. தனக்காகக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. நான் அவளைத் தாண்டிப் போய் வானொலியைப் பிடுங்கிக்கொண்டேன். என் சாவியைப் பிடுங்கினாளே, அதற்கு ஈடு. “எல்லாரும் கேளுங்க. நுத்தேகின் பேசறேன். மாப்பிள்ளைய பழைய முகாம்ல இறக்கறோம். அங்கேர்ந்து காயல் வரைக்கும் கொண்டுவர யார் இருக்கீங்க?”

சரசரப்பு அடங்குவதற்குள் அய்வான் வந்துவிட்டான். “நாங்க காலையிலேயே மந்தையத் திருப்பிட்டோம்யா. வால்ரஸ் வந்த சேதி கேட்டதுமே தெரியும், அக்கா ஹெலிகாப்டர விடமாட்டாங்கன்னு. மான் வண்டியோட முகாம் பக்கத்துலதான் இருக்கோம். நீங்க கூப்பிடறதுக்குத்தான் இவ்ளோ நேரமா உக்காந்திருக்கோம்!” பிறகு சேர்த்துக்கொண்டான்: “அந்த ஓநாய் விஷயத்த அப்புறமா பேசிக்கலாம். அத நான் மறக்கல.”

ஓம்ரினா முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அழுகையா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் எட்டுப் பேர் தோல் படகை எடுத்துக்கொண்டு போனோம். எஞ்சின் இல்லை, துடுப்புத்தான். காயலின் அக்கரையில் அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஸோயா பெத்ரோவ்னா மான் வண்டியின்மேல் மூட்டைகளோடு மூட்டையாக, மடியில் முத்திரைப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நகரத்துச் சப்பாத்து இரண்டையும் சதுப்பு விழுங்கிவிட்டிருந்தது. அய்வானின் மனைவி கொடுத்த தோல் காலணி காலில் இருந்தது. “இது எவ்ளோ இதமா இருக்கு! திருப்பித் தரமாட்டேன், சொல்லிட்டேன்” என்றார். கிளெப் இடுப்புவரை சேறு. என்னைப் பார்த்ததும், “மச்சான்ன்ன்!” என்று முழங்கினார்.

“யோவ்! வாய மூடுய்யா! இனிமே ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீ பேசவே கூடாது” என்றேன். அவர் தாடிக்குள் உதட்டை மடித்துக்கொண்டு, தலையை ஆட்டினார். பாவம், அது அவருக்குச் சாப்பிடாமல் இருப்பதைவிடக் கஷ்டம்.

காயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டுத்தான். ஊரை நெருங்கும்போது திட்டின் தாழ்வான இடம் வழியாகக் கரை தெரிந்தது. பழுப்பும் இளஞ்சிவப்புமாக, தந்தமும் மீசையுமாக, மூச்சு விடுகிற கரை. அந்த வாடை அப்படியே படகை மூடியது. நாங்கள் துடுப்பை நீருக்குள்ளேயே நகர்த்தினோம். அப்போதுதான் கிளெப்பின் முகம் கோணுவதைப் பார்த்தேன். கண் சுருங்குகிறது, மூக்கு விரிகிறது, வாய் திறக்கிறது.

நான் துடுப்பைப் போட்டுவிட்டு, என் தோலங்கியைக் கழற்றி அவர் தலையில் கவிழ்த்து, அதன்மேலேயே விழுந்து அமுக்கினேன். உள்ளே தும்மல் வெடித்தது. படகு ஆடியது. கரையில் தலைகள் எழுந்தன. முதலில் பத்து, அப்புறம் ஐம்பது, அப்புறம் வரிசை வரிசையாக. ஒரு தாய் வால்ரஸ் குட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு எங்களையே பார்த்தது. இதோ போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அது பெருமூச்சு விட்டது. தலையைப் பக்கத்துக் கிழத்தின்மேல் சாய்த்துக்கொண்டது. ஒவ்வொன்றாக எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. ஸோயா பெத்ரோவ்னா தன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அங்கிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: “மன்னிச்சிடு மச்சான்.”

கல்யாணம் பள்ளிக்கூடக் கூடத்தில். ஜன்னலுக்கெல்லாம் மான் தோல் அடைத்திருந்தார்கள். ஓம்ரினா நீலத் துணியில் வெள்ளை ஓரம் வைத்த உடை போட்டிருந்தாள். அவளை அப்படி அழகாக நான் பார்த்ததில்லை, அதை அவளிடமே சொன்னேன், “உஷ்” என்றாள். பதிவாளர் சட்டத்தில் உள்ள வாசகத்தையெல்லாம் காதோடு காதாகப் படித்தார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசை திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்லி அனுப்பியது. “சம்மதமான்னு கேக்கறாங்க.” “சம்மதமாம்.” “மாப்பிள்ளை?” “தலைய ஆட்டறாரு. பேசாதன்னு சொல்லியிருக்குல்ல.” அதற்குள் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு பரவிவிட்டது. சத்தமில்லாமல் சிரிப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று அன்றுதான் தெரிந்தது. அய்வான் தொப்பியைக் கடித்துக்கொண்டு சுவரில் முட்டினான். தாக்ரினாவுக்கு விலா பிடித்துக்கொண்டது.

ரஷ்யக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊரும் எப்போதோ அதைப் பிடித்துக்கொண்டது. விருந்தில் யாராவது கோப்பையைத் தூக்கி, “கசக்குது!” என்று கத்த வேண்டும். எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். மணமக்கள் எழுந்து முத்தமிட்டால்தான் கோப்பையில் உள்ளது இனிக்கும். அன்றைக்கு மொத்தக் கூடமும் எழுந்து நின்று, கோப்பையைத் தூக்கி, கிசுகிசுத்தது: “கசக்குது… கசக்குது…” இலை சலசலக்கிற மாதிரி. கிளெப் குனிந்தார், ஓம்ரினா நுனிக்காலில் எழும்பினாள். கைதட்டவும் வழியில்லாமல் எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு தட்டினோம். அப்புறம் ஆட்டம். என் புதுப் பறை சுவரில் தொங்கியது. பெண்கள் உள்ளங்கையில் இரண்டு விரலால் தாளம் போட, தோல் காலணிகள் தரையில் ஒரு சத்தமும் இல்லாமல் மிதித்தன. நான் காற்றில் பறை அடித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கணீரென்று கேட்டது.

கலையும்போது தாக்ரினா மணமக்களை மறித்துக்கொண்டு நின்றாள். “நாத்தனாரே, ஒண்ணு சொல்லிடறேன். காதுக்குள்ள சொன்ன கசப்பெல்லாம் கணக்குல சேராது. சத்தமா சொல்லணும். அது பாக்கி இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

“கரை காலியாகட்டும்” என்றாள் ஓம்ரினா.

வால்ரஸ்கள் அவசரப்படவில்லை. அவள் கல்யாணத்துக்கு மறுநாளே பழைய உஷ் அக்காவாக மாறிவிட்டாள். விடிந்ததும் மேட்டுக்குப் போய்ப் படுத்துக் கண்காணிப்பாள். இப்போது பக்கத்தில் கிளெப்பும் படுத்திருப்பார், வாயில் கம்பளித் துண்டைத் திணித்துக்கொண்டு. காலை வானிலையை இப்போது ஊர் நிலையத்திலிருந்து அவரே கிசுகிசுத்துச் சொன்னார். அய்வான் தூந்திராவிலிருந்து, “மாப்பிள்ளே, ஒண்ணுமே கேக்கல, நீங்க முன்ன மாதிரியே கத்துங்க” என்று புலம்பினான்.

அப்புறம் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. கடலில் முதல் பனிக்கட்டி வந்தது. அன்று காலையில் நான் அடுப்புக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். ஓம்ரினா மேட்டிலிருந்து இறங்கி, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தனியாக நடந்துவிட்டு, ஊருக்குள் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தலையைத் தூக்கவில்லை. அவள் வந்து என் எதிரில் நின்றாள்.

“எல்லாம் போயிடுச்சுடா. முழுசா நடந்து பாத்துட்டேன். ஒரு குட்டிகூட சாகல” என்றாள். “ஒண்ணுகூட!”

கரி வாளி என் கையிலிருந்து விழுந்து உருண்டது. கடகடவென்று தெரு முழுக்கச் சத்தம். நாங்கள் இருவரும் பழக்கத்தில் பதறிப்போய் அதைப் பிடிக்கப் பாய்ந்து, பாதி வழியில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பையில் கைவிட்டு என் வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் எறிந்தாள். பிறகு தெருவின் நடுவுக்குப் போனாள். தன் வீட்டுக் கதவைப் பார்த்துக் காலை அகட்டி நின்றாள். தலையை அண்ணாந்தாள்.

“க… ச… க்குதுதுது!”

எங்கள் ஊரில் அவள் குரலை அந்த உயரத்தில் கேட்டவர்கள் யாரும் இல்லை. கதவுகள் படார் படாரென்று திறந்தன. ஊரின் மறுகோடியில் கட்டியிருந்த நாய்களெல்லாம் ஊளையிட்டன. தாக்ரினா மாவுக் கையோடு ஓடிவந்து, “கசக்குது! கசக்குது!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். பையன் என் பறையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். கிளெப் உள்ளாடையோடு, ஒரு காலில் மட்டும் காலணியோடு வாசலில் வந்து நின்று, எதுவும் விளங்காமல் விழித்தார்.

“என்னாச்சு ஓம்ரினா?” என்றார் கிசுகிசுப்பாக.

“கத்துய்யா!” என்றாள் அவள். “நல்லாக் கத்து!”

நான் வண்டியை முடுக்கி, ஹாரனில் கையை வைத்தேன், எடுக்கவே இல்லை.